மங்கு: ஒரு சிறு நோயும் ஒரு சட்டக் குறிப்பும்

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படர்ந்து, எளிதில் அகலாத பழுப்புத் திட்டினைத் தமிழர் மங்கு என்று அழைத்தனர். இந்தியில் இதற்கு வழங்கும் ஜாயீ என்னும் சொல்லுக்கு நிழல் என்ற பொருளும் உண்டு. மேலை மருத்துவம் கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து மெலாஸ்மா என்ற பெயரை ஆக்கிக்கொண்டது. சுசுருத சம்ஹிதை இதனை வியங்கம் என்று குறித்து, சிறு நோய்களின் வரிசையில் வைத்தது. உயிருக்கு ஊறு செய்யாத இச்சிறு நோய்க்கெனக் கடையில் வாங்கிய களிம்பு, அந்நோயினும் பெரிய கேட்டினை இந்தியாவில் விளைத்தது.

நிறம் நீக்கும் வேதிப்பொருள் பற்றிய அறிவு தொழிற்கூடத்திலிருந்தும் வந்தது. 1930களின் இறுதியில், அமெரிக்கத் தோல் பதனிடும் தொழிலாளர் சிலரின் கைகள் வெளுத்தன. அவர்கள் அணிந்த ரப்பர் கையுறையில் கலந்திருந்த, ஹைட்ரோகுவினோனைச் சார்ந்த ஒரு சேர்மமே அதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது.

இவ்வரலாற்றில் 1975ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், வில்லிஸ் என்பாருடன் இணைந்து ஒரு முக்கூட்டுக் களிம்பினை வெளியிட்டார். ஹைட்ரோகுவினோன் நிறத்தைக் குறைக்கும். ட்ரெட்டினாயின் அதன் வினைக்குத் துணைநிற்கும். இவற்றால் எழும் எரிச்சலை ஸ்டீராய்டு தணிக்கும். அதே ஆண்டில், ஹைட்ரோகுவினோன் களிம்பினை நெடுநாள் பூசியோர் முகத்தில் கருநீலக் கறை படிவதைத் தென்னாப்பிரிக்காவில் ஃபின்ட்லே பதிவு செய்தார். இந்தியாவிலோ, அவ்வாண்டில்தான் ஃபேர் அண்ட் லவ்லி அறிமுகமானது. அதில் ஸ்டீராய்டும் இல்லை, ஹைட்ரோகுவினோனும் இல்லை. ஆயினும், களிம்பு பூசினால் நிறம் மாறும் என்ற எதிர்பார்ப்பை அத்தகைய விளம்பரங்கள் வீடுதோறும் வேரூன்றச் செய்தன.

அவ்வெதிர்பார்ப்பும் முக்கூட்டுக் களிம்பும் சந்தித்த இடம் மருந்துக்கடை. இந்தியாவில் பெரிதும் விற்ற வடிவத்தில் மொமெட்டசோன் என்னும் வீரியமிக்க ஸ்டீராய்டு இடம்பெற்றது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றை அட்டவணை எச் வரையறுக்கிறது. ஆனால், மேற்பூச்சுக்கான தயாரிப்புகள் நீங்கலாக என்று அதன் அடிக்குறிப்பு விலக்களித்திருந்தது. அந்த ஒற்றைத் தொடரின் வழியே, சில வாரங்களுக்கென வகுக்கப்பட்ட மருந்து ஆண்டுக்கணக்கில் பூசும் அழகுக் களிம்பாயிற்று.

ஸ்டீராய்டு குருதி நாளங்களைச் சுருக்கும். மெலனின் உருவாவதையும் குறைக்கும். ஆகவே முகம் விரைவில் வெளுக்கும். பின்னர்த் தோல் மெலியும். நுண்ணாளங்கள் சிவந்து தெரியும். பருவும் மிகு மயிரும் தோன்றும். பூசுவதை நிறுத்தினால் முகம் எரியும். எரிச்சலைத் தணிக்க மீண்டும் அதனையே பூசுவர். மங்கினை நீக்க வாங்கிய களிம்பு, விடமுடியாத பழக்கமாக இவ்வாறே மாறியது.

2008இல் கொல்கத்தா மருத்துவர்கள் லாஹிரியும் கூண்டுவும் இந்நிலைக்கு ஒரு பெயரிட்டனர்: மேற்பூச்சு ஸ்டீராய்டால் சிதைந்த முகம். பெயர் கிடைத்த பின்னரே சிதறிக் கிடந்த புகார்கள் ஒரே நோயாகத் திரண்டன. 2011இல் வெளிவந்த பன்மைய ஆய்வொன்று முகத்தோல் நோயுடன் வந்த 2926 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் 433 பேர் ஸ்டீராய்டு பூசிவந்தவர்கள். அவர்களில் 29 விழுக்காட்டினர் அதனை நிறமூட்டும் களிம்பாகவோ பொதுக் களிம்பாகவோ கருதியிருந்தனர். தோல் மருத்துவர் சங்கத்தின் நெடிய முறையீடுகளுக்குப் பின், 2018 மார்ச்சில் 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கு நீக்கப்பட்டது.

சட்டம் மாறினும் மங்கின் இயல்பு மாறவில்லை. வெயில், கருவுறுதல், கருத்தடை மாத்திரை ஆகியன அதனைத் தூண்டும். மறைந்த பின்னும் அது மீளும். கட்புலனாகும் ஒளியும் அதனை மிகுவிப்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வெயில்காப்புக் களிம்பே நாள்தோறும் வேண்டும் முதற் காப்பு. நியாசினமைடு, அசெலாயிக் அமிலம் போன்றவை மெல்லவே பயன் தரும். அவற்றுக்கு மாதங்கள் தேவை. சில நாள்களிலேயே முகத்தை வெளுக்கச் செய்யும் பெயரறியாக் களிம்பு கைக்கு வருமாயின், மகிழ்வதற்கு முன் அதன் உறையில் அச்சிட்ட சேர்மானப் பட்டியலைப் படிப்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.