ஆரவாரமும் ஆசனமும்

உதைபந்தாட்டத்தை வானொலியிற் கேட்டுப் பழகிய நேயர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். பந்து எங்கே சென்றதென்று வர்ணனையாளர் சொல்லி முடிப்பதற்கு முன்னரே, அவருடைய குரலுக்குப் பின்னாலிருந்து எழும் கூட்டத்தின் ஓசை அச்செய்தியை நமக்கு அறிவித்துவிடுகிறது. 1927ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி, இலண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் அணியும் ஷெபீல்ட் யுனைட்டெட் அணியும் ஆடிய ஆட்டத்தைப் பிபிசி நேரடியாக ஒலிபரப்பிற்று. பந்து நிற்கும் இடத்தை நேயர் அறிவதற்காக, மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த படமொன்று முன்கூட்டியே பத்திரிகையில் வெளியிடப்பட்டிருந்தது. கட்டங்களின் எண்கள் ஆட்டத்தின் போக்கைக் காட்டின. அதன் உணர்ச்சியைக் காட்டியது மக்களின் ஆரவாரமே.

அந்த ஆரவாரத்தின் வரலாற்றையே இன்று ஆராய எண்ணுகிறோம். இங்கிலாந்தின் உதைபந்தாட்ட அன்பர்களிடையே நெடுங்காலமாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. சொந்த மைதானத்திற்கு மக்கள் வராமற்போவது யாருடைய குற்றம்? வந்தவர்களும் வாய்மூடி அமர்ந்திருப்பது ஏன்? உண்மை அன்பர் மழையிலும் தோல்வியிலும் வந்தே தீரவேண்டும் என்பர் ஒரு சாரார். வருவோரை மதியாத கழகத்துக்கு வெற்று ஆசனங்களே தக்க விடை என்பர் மறுசாரார். இவ்விரு வாதங்களையும் வரலாற்றின் முன் வைத்துப் பார்ப்போம்.

இக்கூட்டம் தானாகத் திரண்டதன்று. ஓய்வு நேரம் திரட்டிய கூட்டம் அது. நெசவாலைகளிற் பணிபுரிந்த பெண்களும் இளைஞரும் சனிக்கிழமைகளிற் பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யலாகாது என 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. காலப்போக்கில் அந்த அரைநாள் விடுமுறை ஏனைய தொழிலாளருக்கும் பரவிற்று. 1888ஆம் ஆண்டில் 12 கழகங்கள் கூடி உதைபந்தாட்ட லீக்கைத் தோற்றுவித்தபோது, அவற்றுட் பாதி லங்காஷயரைச் சேர்ந்தவை. மறுபாதி மத்திய இங்கிலாந்தைச் சேர்ந்தவை. இரண்டாண்டுகளின் பின் ஆகக் குறைந்த நுழைவுக் கட்டணம் 6 பென்ஸ் என வகுக்கப்பட்டது. ஆலைச் சங்கு ஊதியதும் தொழிலாளர் நேரே மைதானத்திற்குச் சென்றனர்.

அவர்களிற் பெரும்பாலோர் நின்றுகொண்டே ஆட்டத்தைப் பார்த்தனர். மண்ணையும் கரிச்சாம்பலையும் மேடாகக் குவித்துப் படிகளாக வெட்டிய சரிவுகளே அவர்களுடைய இடம். லிவர்ப்பூல் கழகத்தின் அன்பீல்ட் மைதானத்தில் 1906ஆம் ஆண்டில் அத்தகைய பெருமேடையொன்று எழுந்தது. தென்னாபிரிக்காவின் ஸ்பியன் கொப் என்னும் குன்றில் 1900ஆம் ஆண்டு நடந்த போரில் மாண்ட வீரரின் நினைவாக மக்கள் அதனைக் கொப் என்றழைத்தனர். 1928ஆம் ஆண்டில் அதற்குக் கூரை வேயப்பட்டது. சுமார் 28,000 பேர் அக்கூரையின்கீழ் நெருங்கி நின்றனர். அவர்கள் எழுப்பிய குரல் கூரையில் மோதித் திரும்பி மைதானமெங்கும் நிறைந்தது. நண்பர் நண்பரோடும், தந்தை மைந்தனோடும், ஒரு தெருவார் தம் தெருவாரோடும் விரும்பிய இடத்திற் சேர்ந்து நிற்க முடிந்தமையே அக்குரலின் இரகசியம்.

கூட்டமோ ஆண்டுக்காண்டு பெருகிற்று. 1923ஆம் ஆண்டு வெம்பிளி அரங்கில் நடந்த முதலாவது கிண்ண இறுதியாட்டத்திற்கு 1,26,047 பேர் வந்தனரென்பது அதிகாரபூர்வக் கணக்கு. சுவரேறிக் குதித்து உட்புகுந்தோர் அக்கணக்கில் அடங்கார். மைதானத்தின் நடுவே பரவி நின்ற மக்களைக் குதிரைப் பொலிசார் விலக்கிய பின்னரே ஆட்டம் தொடங்கிற்று. இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபின் மக்கள் வெள்ளம் உச்சத்தை எட்டியது. 1948-49ஆம் பருவத்தில் லீக் ஆட்டங்களைக் கண்டோர் தொகை 4 கோடியே 12 இலட்சத்தைத் தாண்டிற்று. அந்த எண்ணிக்கையை இங்கிலாந்து மீண்டும் கண்டதில்லை.

ஆனால், இவ்வளவு பெரிய கூட்டத்தை அழைத்தவர்கள் அதனைக் காக்க என்ன செய்தனர்? கிளாஸ்கோ நகரின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் 1902ஆம் ஆண்டில் மரமேடை உடைந்து 25 பேர் இறந்தனர். போல்ரன் நகரில் 1946ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி நெரிசலில் 33 பேர் மாண்டனர். ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடர்ந்து நடத்தப்பட்டது. மைதானங்களுக்கு உரிமமும் ஆட்தொகைக்கு வரம்பும் வேண்டுமென விசாரணை அறிக்கை கூறிற்று. அதற்கான சட்டமோ 1971ஆம் ஆண்டில் ஐப்ரொக்ஸ் மைதானத்தின் படிக்கட்டில் மேலும் 66 உயிர்கள் போன பின்னர், 1975ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இதற்கிடையிற் கூட்டம் கரையத் தொடங்கிவிட்டது. 1960-61ஆம் பருவத்தில் வருகை 2 கோடியே 86 இலட்சமாகக் குறைந்தது. வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டியும், வாயிலிலே மோட்டார் வண்டியும், கையிலே சிறிது பணமும் வந்தபின், சனிக்கிழமை பிற்பகலைக் கழிக்க வேறு வழிகளும் தோன்றின. மைதானங்களோ தாத்தாக்கள் கண்ட நிலையிலேயே கிடந்தன. கூரையில்லாப் படிகளும், துர்நாற்றம் வீசும் மலசலகூடங்களும் மனைவி மக்களை அழைத்துச் செல்லத்தக்க இடங்களல்ல. 1970ஆம் ஆண்டுகளிற் கைகலப்புகளும் பெருகின. கலகஞ்செய்தோர் சிலர், அவர்களை அடக்க எழுப்பிய இரும்பு வேலிகளுக்குள் அடைபட்டோர் அனைவரும். 1985-86ஆம் பருவத்தில் வருகை 1 கோடியே 65 இலட்சமாக வீழ்ந்தது. வராதவர் அன்பற்றவர் என்போர் இவ்விடத்திற் சற்றுச் சிந்தித்தல் வேண்டும்.

1985ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி பிரட்போர்ட் நகரில் மரத்தாலான பார்வைக்கூடம் தீப்பற்றி 56 பேர் இறந்தனர். அதன் அடியில் நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த குப்பையே தீக்கு இரையாயிற்று. அக்கூடத்தின் முன்னால் வேலி இல்லாமையாற் பலர் மைதானத்துட் பாய்ந்து உயிர் தப்பினர். அதே மாதம் 29ஆம் திகதி பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில், லிவர்ப்பூல் ஆதரவாளர் சிலர் எதிரணியினர்மேற் பாய்ந்ததால் எழுந்த நெரிசலில் 39 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இத்தாலியர். ஆங்கிலக் கழகங்கள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்ப்பூல், நொட்டிங்ஹாம் பொரெஸ்ட் அணிகளின் கிண்ண அரையிறுதியாட்டம் ஆரம்பமாயிற்று. வெளியே கூடிய நெரிசலைக் குறைக்கப் பொலிசார் ஒரு வாயிலைத் திறந்தனர். ஏற்கெனவே நிறைந்திருந்த நடுப்பட்டிகளுக்குச் செல்லும் வழியை அடைக்கத் தவறினர். முன்னே இரும்பு வேலி. பின்னே வந்துகொண்டிருந்த கூட்டம். ஆட்டம் தொடங்கி ஆறு நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. அன்றைய நாளின் காயங்களால் இறந்தோர் தொகை இன்று 97 எனக் கணிக்கப்படுகிறது. பழி முதலில் இறந்தோர்மீதே சுமத்தப்பட்டது. பிள்ளைகளை இழந்த குடும்பத்தினர் 27 ஆண்டுகள் போராடிய பின்னர், 2016ஆம் ஆண்டில் மரண விசாரணையின் யூரர்கள், இறந்தோர் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என்றும், ஆதரவாளர்கள்மீது குற்றமில்லை என்றும் தீர்ப்பளித்தனர்.

நீதியரசர் ரெயிலர் பிரபுவின் இறுதி அறிக்கை 1990ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. கூட்டப் பாதுகாப்புப் பற்றிய ஒன்பதாவது அரசாங்க அறிக்கை அது. பெரிய மைதானங்களில் ஒவ்வொருவருக்கும் ஆசனம் வேண்டும் என்பது அதன் முதன்மையான பரிந்துரை. ஆயினும் அவ்வறிக்கை இன்னொன்றும் சொல்லிற்று: ஐப்ரொக்ஸ் மைதானத்தில் 6 பவுணுக்கு ஆசனம் கிடைப்பதைச் சுட்டி, நின்று பார்த்தோரின் பைக்கு ஏற்றவாறே மலிவான ஆசனங்களின் விலை அமையலாம் என்றது. முதலாவது பரிந்துரை சட்டத்தின் துணையோடு நிறைவேறிற்று. இரண்டாவதைக் கழகங்கள் மறந்தன.

1992ஆம் ஆண்டில் பிரீமியர் லீக் தோன்றியது. தொலைக்காட்சிப் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி கொப் மேடையில் மக்கள் இறுதியாக நின்றனர். பின்னர் அவ்விடத்திற் சுமார் 12,000 ஆசனங்கள் அமைந்தன. மைதானங்கள் தூய்மையும் பாதுகாப்பும் பெற்றன. பெண்களும் சிறுவரும் அச்சமின்றி வந்தனர். 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் 20,000 அளவிலிருந்த முதற்பிரிவின் சராசரி வருகை, காலப்போக்கில் 40,000 வரை உயர்ந்தது. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. பழைய படிமேடைகளிற் பாட்டு மட்டும் எழவில்லை. கறுப்பின ஆட்டக்காரரை இழித்த கூச்சலும் அங்கிருந்தே எழுந்தது.

எனினும் அரங்கு நிறைந்தபோது ஓசை குறைந்தது. விரும்பியவர் அருகில் நின்ற இடத்தில் எண்ணிட்ட ஆசனம் வந்தது; நண்பர் குழாங்கள் சிதறின. நுழைவுக் கட்டணம் வாழ்க்கைச் செலவைக் காட்டிலும் விரைந்து உயர்ந்தது. கையிற் காசு குறைந்த இளைஞன் மதுச்சாலைத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தான். அவனுடைய இடத்தில் வசதி படைத்த விருந்தினர் அமர்ந்தார். 2000ஆம் ஆண்டில் மன்செஸ்ரர் யுனைட்டெட் அணித்தலைவர் ரோய் கீன், இறால் சான்ட்விச் உண்ண வரும் சிலருக்கு ஆட்டம் விளங்குவதில்லை எனக் கடிந்துகொண்டார். சினம் கொண்டு சொன்னதாயினும், அன்பர் பலர் அதைத் தம் மனத்துயராகவே கேட்டனர்.

அவர்களுடைய விடை 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி அன்பீல்ட் மைதானத்திலே வெளிப்பட்டது. புதிய பார்வைக்கூடத்தில் 77 பவுண் விலையில் அனுமதிச்சீட்டு விற்கப்படும் எனக் கழகம் அறிவித்திருந்தது. சண்டர்லண்ட் அணியுடனான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். அவ்வேளை 2-0 என முன்னணியில் நின்ற லிவர்ப்பூல், இறுதியில் 2-2 எனச் சமநிலை கண்டது. நான்கு நாட்களின் பின் கழக உரிமையாளர் அத்திட்டத்தைக் கைவிட்டு மன்னிப்புக் கோரினர். அடுத்த மாதமே, வெளியூர் ஆட்டங்களைக் காணச் செல்வோருக்கு 30 பவுணே உச்சக் கட்டணம் எனப் பிரீமியர் லீக் கழகங்கள் இணங்கின. உள்ளிருந்து எழுப்பிய குரலுக்கு மசியாதவர் வெற்று ஆசனங்களுக்கு மசிந்தனர்.

ஜேர்மனி வேறு வழியிற் சென்றது. அங்கே உள்நாட்டு ஆட்டங்களுக்கு நின்று பார்க்கும் மேடைகள் ஒழிக்கப்படவில்லை. டோட்மண்ட் அரங்கின் தென்மேடையில் சுமார் 25,000 பேர் குறைந்த கட்டணத்தில் இன்றும் நிற்கின்றனர். பெரும்பாலான கழகங்களின் வாக்குரிமையிற் பெரும்பங்கு உறுப்பினரிடமே உள்ளது. 2012ஆம் ஆண்டின் இறுதியில், பாதுகாப்பு என்னும் பெயராற் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்த ஆதரவாளர்கள், ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் 12 நிமிடமும் 12 விநாடியும் மௌனம் காத்தனர். அக்கட்டுப்பாடுகள் டிசம்பர் 12ஆம் திகதி நிறைவேறவே செய்தன. ஆனால் நிறைந்த அரங்கொன்று ஊமையானால் எப்படியிருக்கும் என்பதை அந்நாடு முழுவதும் உணர்ந்தது.

அம்மௌனத்தை 2020ஆம் ஆண்டில் உலகமே கேட்டது. பெருந்தொற்றினால் மைதானங்கள் மூடப்பட்டு, பார்வையாளரின்றி ஆட்டங்கள் நடந்தன. தொலைக்காட்சி நிலையங்கள் முன்பு பதிவுசெய்த ஆரவாரத்தை ஒலிக்கவிட்டன. பல நாட்டு ஆட்டங்களை ஆராய்ந்தோர், வெளியூரிலிருந்து வந்தாடும் அணிக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டைகள் குறைந்தமையைக் கண்டனர். இங்கிலாந்தின் 2020-21 பருவத்தில் சொந்த மைதானத்து அணிகள் 144 வெற்றிகளையும் வந்தாடிய அணிகள் 153 வெற்றிகளையும் பெற்றன. முதற்பிரிவின் வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. கூட்டம் ஆட்டத்தின் அலங்காரம் என எண்ணியவர்களுக்கு, அது ஆட்டத்தின் ஓர் அங்கம் என்பதை அந்த வெறுமை எண்களாலே எடுத்துக்காட்டிற்று.

2022-23ஆம் பருவத்தின் தொடக்கத்திலிருந்து, இங்கிலாந்தின் மேலிரு பிரிவுகளிலும் தடுப்புக் கம்பிகளோடு கூடிய தனி இடங்களில், உரிய அனுமதி பெற்ற மைதானங்களில் மக்கள் மீண்டும் நின்று பார்க்கலாயினர். உயிர்ப் பாதுகாப்பும் ஆரவாரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை ஒப்புக்கொள்ள 28 ஆண்டுகள் சென்றன.

ஆகவே, நேயர்களே, நாம் தொடக்கத்திற் கண்ட இரு சாராருள் எவர் வாதம் வெல்லும்? தோல்வியிலும் துணைநிற்றல் அன்பின் இலக்கணம் என்பது மெய்யே. அத்தகைய அன்பு இல்லையேல் எந்தக் கழகமும் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைத்திராது. ஆயினும் அவ்வன்பைக் கடனாகக் கேட்கும் உரிமை, வருவோரின் உயிரையும் பையையும் மதிப்பவர்க்கே உண்டு. வேலிக்குள் அடைத்தபோது மக்கள் குறைந்தனர்; விலையை உயர்த்தியபோது அவர்கள் குரல் குறைந்தது. 6 பென்ஸ் கொடுத்துச் சேறு படிந்த படிகளில் நின்ற ஆலைத் தொழிலாளி கேட்டது அதிகமன்று: தன் நண்பரோடு சேர்ந்து நிற்க ஓர் இடம், தன் கூலிக்கு ஏற்ற கட்டணம், ஆட்டம் முடிந்ததும் பத்திரமாக வீடு திரும்ப ஒரு வழி. இம்மூன்றையும் கொடுக்கும் மைதானத்தில் ஆரவாரம் தானே எழும்.