காரில் எடை குறைந்த பாடி பேனல்கள் பொருத்தலாமா? சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: காரின் பானட், ஃபெண்டர், பம்பர், டிக்கி மூடி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கார்பன் ஃபைபர் அல்லது கண்ணாடி இழையாலான எடை குறைந்த பேனல்களைப் பொருத்தும் ஆர்வம் கார் பிரியர்களிடையே உள்ளது. எடை குறைந்தால் வேகம் கூடும், எரிபொருள் மிச்சமாகும், தோற்றமும் மிடுக்காக இருக்கும் என்பது அவர்களின் எண்ணம். ஆனால், கடையில் விலைக்குக் கிடைக்கும் ஒரு பொருளைச் சாலையில் ஓடும் காரில் பொருத்திக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது என்று கருதிவிட முடியாது. இவ்விஷயத்தில் சட்டம் பேனலின் பொருளைப் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் சோதித்துக் கொடுத்த கார் அதே காராக நீடிக்கிறதா என்பதையே பார்க்கிறது.

பிரிவு 52 கூறுவது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றி அமைக்கக் கூடாது என்று அப்பிரிவு கூறுகிறது. வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும் அளவுக்கு அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாறுதலே 'மாற்றம்' எனப்படும் என்ற விளக்கமும் அதில் உண்டு.

இயற்கை எரிவாயு போன்ற வேறு எரிபொருளில் ஓடுவதற்காக, உரிய விதிகளுக்கு உட்பட்டு எஞ்சினில் செய்யப்படும் மாற்றத்துக்கு இப்பிரிவு விலக்கு அளிக்கிறது. வேறு மாற்றங்களுக்கான தர அளவுகளையும் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உள்ளது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

இப்பிரிவின் வீச்சை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று தெளிவுபடுத்தியது. கேரளத்தில் இருந்து வந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலர் எதிர் கே.ஜெயச்சந்திரா வழக்கில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு, கேரள உயர் நீதிமன்ற அமர்வின் தீர்ப்பை ரத்து செய்தது.

தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட தர விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்றும், சான்றிதழில் உள்ள பிற விவரங்களை உரிய முறைப்படி மாற்றிப் பதிந்துகொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. காரின் நிறத்தை மாற்றுவது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே, வெள்ளைக் காரில் கருப்பு இழை வெளியே தெரியும் கார்பன் பானட்டைப் பொருத்துபவர் முதலில் எதிர்கொள்வது நிறம் பற்றிய கேள்வியாகும்.

சான்றிதழில் உள்ள எடை

நிறத்தைவிட எடை பற்றிய கேள்வி சிக்கலானது. எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.8 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம், கார்பன் ஃபைபர் கலவைக்குச் சுமார் 1.6 கிராம். இந்த வேறுபாட்டுக்காகவே பேனல் மாற்றப்படுகிறது. ஆனால், வாகனத்தின் சுமையற்ற எடை பதிவுச் சான்றிதழில் எழுதப்படும் விவரங்களில் ஒன்று.

சட்டத்தின் 2(48) பிரிவு இந்த எடையை வரையறுக்கிறது. மாற்று உடற்பகுதியோ உறுப்போ பயன்படுத்தப்படும் வண்டியில், அவற்றுள் அதிக எடையுள்ளதைப் பொருத்திய நிலையில் இருக்கும் எடையே கணக்கில் கொள்ளப்படும் என்கிறது அது. எனவே பானட் ஒன்றின் எடை குறைந்தது என்பதை மட்டும் வைத்து, சான்றிதழில் உள்ள எண் பொய்யாகிவிட்டது என்று கூறிவிட முடியாது. மறுபுறம், கூரை, கதவுகள், பக்கவாட்டுப் பகுதிகள் என வண்டியின் கட்டமைப்பையே தொடும் மாற்றத்துக்கு இந்த வரையறை பாதுகாப்புத் தராது.

விபத்தில் நசுங்கிய பானட்டுக்குப் பதிலாக அதே வடிவம், அதே பொருள், அதே நிறம் கொண்ட பானட்டைப் பொருத்துவது பழுதுபார்ப்பு ஆகும். அதனால் வண்டியின் அடிப்படை அம்சம் மாறுவதில்லை.

இழைப் பேனல்களுக்குத் தடையா?

கண்ணாடி இழை, பிளாஸ்டிக் ஆகிய பொருள்களுக்கு இந்தியச் சாலைகளில் தடை இருந்ததில்லை. பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980-களில் தயாரித்த டால்ஃபின் காரின் உடற்பகுதி கண்ணாடி இழையால் ஆனது. அதே நகரில் உருவான ரேவா மின்சாரக் காரின் வெளிப் பேனல்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை.

இவ்வாறு தயாரிப்பாளரே இழைப் பேனலுடன் வடிவமைத்த கார், மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி முன்மாதிரிச் சோதனைக்கு உட்படுகிறது. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், சென்னையை அடுத்த ஒரகடத்தின் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற அமைப்புகள் இத்தகைய சோதனைகளை நடத்துகின்றன. உரிமையாளர் பின்னாளில் தனியாக வாங்கிப் பொருத்தும் பேனல் அந்தக் காருடன் சேர்த்து இவ்வாறு சோதிக்கப்பட்டதல்ல.

இந்த வேறுபாடு பாதுகாப்போடு தொடர்புடையது. 2017 அக்டோபர் முதல் புதிய ரகக் கார்களுக்கு முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனைகள் கட்டாயமாக்கப்பட்டன. எஃகு பானட் மோதலின்போது குறிப்பிட்ட இடத்தில் மடங்கி, மோதலின் ஆற்றலில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. இழைப் பேனல் மடங்குவதற்குப் பதிலாகக் கூர்மையான துண்டுகளாக உடையக்கூடும்; சாலையில் நடந்து செல்பவரே அதனால் முதலில் காயமடைவார். பூட்டு சரியாகப் பொருந்தாத பானட் வேகமாகச் செல்லும்போது காற்றில் திறந்து ஓட்டுநரின் பார்வையை மறைத்துவிடும்.

தண்டனை என்ன?

2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒரே காரில் நான்கு மாற்றங்கள் இருந்தால் அபராதம் ரூ.20,000 ஆகும். வாகனம் பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையிலோ சட்ட விதிகளுக்கு மாறாகவோ இருந்தால், பதிவு அதிகாரி 53-ஆவது பிரிவின்கீழ் பதிவை நிறுத்திவைக்கலாம். அதற்கு முன் உரிமையாளருக்குத் தன் தரப்பை விளக்க வாய்ப்புத் தரப்பட வேண்டும்.

சிறைத் தண்டனை என்பது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கூரை, டயர்கள் உள்ளிட்டவை மாற்றப்பட்ட மஹிந்திரா தார் வாகனத்தின் உரிமையாளர் ஒருவருக்கு, ஸ்ரீநகர் போக்குவரத்து நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. பின்னர் நன்னடத்தைப் பிணையின் பேரில் அவர் விடுவிக்கப்பட்டார். வாகனத்தைப் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி பழைய நிலைக்குக் கொண்டுவரவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பணியிட மாற்றத்தின்போது வரும் சிக்கல்

சாலைச் சோதனையில் பிடிபடாத கார், மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது சிக்கலைச் சந்திக்கக்கூடும். தெற்கு தில்லியின் லக்ஷ்மிபாய் நகர் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளைக் கொண்ட இப்பகுதியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இயங்குகிறது. தமிழகத்தில் இருந்து மாற்றலாகி இத்தகைய பகுதிகளுக்கு வருவோர் தங்கள் காரையும் உடன் கொண்டுவருவது வழக்கம்.

வேறு மாநிலத்தில் பதிவான வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் ஓர் இடத்தில் வைத்திருந்தால், 47-ஆவது பிரிவின்படி அங்கு புதிய பதிவெண் பெற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த 'பி.எச்.' வரிசைப் பதிவெண் பெற்றவர்களுக்கு இந்த மறுபதிவு தேவையில்லை.

மறுபதிவின்போது வாகனத்தை நேரில் பார்வையிடும் அலுவலர், அதைச் சான்றிதழோடு ஒப்பிடுவார். அப்போது நிறமோ தோற்றமோ மாறியிருந்தால் விளக்கம் கேட்கப்படும். பேனல் மாற்றப்பட்ட காரைப் பழைய காராக வாங்கியவருக்கு இது கூடுதல் சுமை. மாற்றியவர் வேறொருவராக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டிய நிலை இப்போதைய உரிமையாளருக்கே வருகிறது.

காப்பீட்டில் இழப்பு

மோட்டார் காப்பீட்டில் வழக்கமாக உள்ள தேய்மான அட்டவணையின்படி, ஆறு மாதம் நிறையாத காரின் உலோகப் பாகத்துக்குத் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. கண்ணாடி இழைப் பாகத்துக்கு முதல் நாளில் இருந்தே 30 சதவீதமும், பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதமும் கழிக்கப்படும். அதாவது, ரூ.40,000 மதிப்புள்ள இழை பானட் உடைந்தால் ரூ.12,000 உரிமையாளரின் கையில் இருந்து போகும். பேனல் மாற்றத்தை நிறுவனத்திடம் முன்னரே தெரிவிக்காதவர்களின் சொந்தச் சேதக் கோரிக்கை முழுவதுமே தகராறுக்கு உள்ளாகக்கூடும்.

ஜெர்மனியும் பந்தயத் தளங்களும்

ஜெர்மனியில், கடையில் வாங்கும் உதிரி பாகத்துடன் அது எந்தெந்தக் காருக்குப் பொருந்தும் என்ற சோதனைச் சான்று தரப்படும் முறை உள்ளது. தேவையான இடங்களில் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளர் பார்வையிட்ட பின் மாற்றம் ஆவணங்களில் பதியப்படுகிறது. இந்தியாவில் வேறு எரிபொருளுக்கு மாற்றும் கருவிகளுக்கு இதையொத்த ஒப்புதல் முறை இருக்கிறது.

எடை குறைந்த பேனல்களுக்கு உரிய இடம் பந்தயத் தளம். இருங்காட்டுக்கோட்டை, கோவை காரி தளம், கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்வதேசத் தளம் ஆகியவற்றில் பந்தய விதிகளே பேனலைத் தீர்மானிக்கின்றன. அத்தகைய காரைப் பொதுச் சாலையில் ஓட்டிச் செல்லாமல் வேறு வாகனத்தில் ஏற்றிக் கொண்டுசெல்வதே முறை.

உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

* பேனல் மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதலின்றி மாற்றம் நிகழ்ந்திருந்தால் 14 நாள்களுக்குள் பதிவுச் சான்றிதழுடன் தெரிவிக்க வேண்டும்.

* தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ள காரில், பதிவு பெற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வ இசைவின்றி எதையும் மாற்றக் கூடாது.

* கழற்றிய அசல் பேனலை விற்றுவிடாமல் வைத்திருப்பது நல்லது. பழைய நிலைக்குத் திரும்பும்படி உத்தரவு வந்தால் அதுவே செலவைக் குறைக்கும்.

* பம்பரை மாற்றும்போது உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு உரிய பூட்டுடன் மீண்டும் பொருத்தப்பட்டதை உறுதிசெய்ய வேண்டும்.

* பழைய கார் வாங்குவோர், சான்றிதழில் உள்ள நிறம், உடற்பகுதி வகை, சுமையற்ற எடை ஆகிய விவரங்களை வண்டியோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.