ஹெர்ன்ஹூட் தின வசனங்கள்

புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவான மொரேவிய சபையார் ஆண்டுதோறும் வெளியிடும் வேத வசனத் தொகுப்பு. ஜெர்மன் பெயர் 'லோசுங்கன்'. சாக்சனியிலுள்ள ஹெர்ன்ஹூட் கிராமத்தில், 1728 மே மாதம் ஒரு மாலைக் கூட்டத்தில், மறுநாளுக்கான வாக்காக ஒரு வசனத்தை அறிவித்தார் அச்சபையை வழிநடத்திய சின்சென்டார்ப் பிரபு. மறுநாள் காலை அது வீடு வீடாகக் கொண்டுசெல்லப்பட்டது. 1731 முதல் நூலாக அச்சாகிறது.

பழைய ஏற்பாட்டு வசனங்கள் ஏறத்தாழ 1,800இலிருந்து சீட்டுக் குலுக்கி, நாளுக்கு ஒன்றாக எடுக்கப்படுகின்றன. அதற்கு இணையான புதிய ஏற்பாட்டு வசனம் குலுக்கலில் வருவதில்லை. பொருத்தம் பார்த்து ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். கூடவே ஒரு ஞானப்பாட்டு வரியோ ஜெபமோ இருக்கும். சீட்டு என்றதும் இதை ராசிபலனோடு சேர்த்துப் பார்ப்பது பொருந்தாது. நடக்கப்போவதை அறிய அல்ல, அன்றைய வேலையையும் உறவுகளையும் அந்த வசனத்தின் முன் வைத்துப் பார்க்கவே இது. மனதுக்குப் பிடித்த பகுதிகளையே திரும்பத் திரும்ப வாசிக்கும் வழக்கத்துக்கு இந்தக் குலுக்கல் நல்ல கடிவாளம்.

இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர் இதன் நெடுநாள் வாசகர். அவரும் தொடர்புகொண்டிருந்த, ஹிட்லரைக் கொல்லும் முயற்சி 1944 ஜூலை 20 அன்று தோற்றது. மறுநாள், தாம் அடைக்கப்பட்டிருந்த டேகல் சிறையிலிருந்து நண்பர் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில், அவ்விரு நாள்களின் வசனங்களையும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார்.

இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாகிறது.