துளிக் கணக்கு

அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் இரண்டு துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் சுர்ரென்று நுரைத்துப் பொங்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரசாயனத்தில் முதல் வேடிக்கை அதுதான். வேடிக்கைக்குப் பிறகு கணக்கு வரும். சங்கடம் அங்கேதான் ஆரம்பம்.

மேலே பியூரெட் குழாயில் பலம் தெரிந்த அமிலம். கீழே குடுவையில் பலம் தெரியாத காரம். துளித் துளியாக விட்டு, நிறம் மாறியதும் நிறுத்தி, செலவான அளவைக் குறிக்க வேண்டும். ஒன்றின் அளவையும் பலத்தையும் பெருக்கினால், மற்றதன் அளவையும் பலத்தையும் பெருக்கியதற்குச் சமம். மூன்று தெரிந்தால் நாலாவது வந்துவிடும்.

அதில் ஓர் அபாயமும் உண்டு. விடை முதலிலேயே தெரிந்துவிட்டால் துளியே விடாமல் அளவை எழுதிவிடலாம். அடுத்த மேஜைக்காரன் சொன்ன விடையிலிருந்து நானும் ஒரு நாள் அப்படி எழுதினேன். வாத்தியார் நோட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "கணக்கு சரிதான், தம்பி. அமிலம் மட்டும் குறையக் காணோமே!" என்றார்.

இந்தக் கணக்கு பள்ளிக்கூடத்தில் பிறந்ததல்ல; துணி வெளுக்கும் இடத்தில் பிறந்தது. வெயிலில் வாரக்கணக்கில் உலர்த்தி வெளுத்த துணியைக் குளோரினால் சீக்கிரமே வெளுக்கலாம் என்று 1785-ல் பிரான்ஸில் பெர்த்தொலே காட்டினார். ஆனால் திரவத்தில் பலம் குறைந்தால் துணி வெளுக்காது; மிஞ்சினால் நூல் இற்றுப்போகும். கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ருவான் நகரத்து தெக்ருவாஸில் ஒரு வழி கண்டார். நம் சாயக்காரர்கள் அறிந்த அவுரி நீலத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அந்த நீலம் போக எவ்வளவு வெளுப்புத் திரவம் பிடிக்கிறது என்று அளந்தார். 1824-ல் கே-லுஸாக் அந்தச் சோதனையைச் செப்பனிட்டார். அவரே பிறகு பாரிஸ் நாணயசாலைக்காக, உப்புக் கரைசலைக் கொண்டு வெள்ளியின் தரம் காணும் முறையை 1832-ல் வெளியிட்டார். நெருப்பில் உருக்கிப் பார்த்த பழைய முறை, உள்ள வெள்ளியைச் சற்றுக் குறைத்தே காட்டிவந்ததாம்! 1855-ல் ஜெர்மனியில் மோர் இந்த முறைகளைத் தொகுத்துப் பாடநூல் எழுதினார். அப்படித்தான் இது மாணவர் தலையில் விழுந்தது.

மீண்டும் எங்கள் ஊருக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் மரம் கல்லாகிக் கிடக்கிறது. அரியலூரில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் விட்டுப்போன சுண்ணாம்பு கிடக்கிறது. அதை நம்பி அரசாங்கச் சிமெண்டு ஆலை 1979-ல் வந்தது; தனியார் ஆலைகளும் வந்தன. சூளைக்குப் போகும் தூளுக்குச் சிமெண்டு ஆலைகளில் செய்யும் சோதனையும் இதே கணக்குத்தான். ஒரு கிராம் தூளில் 1 நார்மல் அமிலம் 25 மில்லி விட்டுக் காய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய அமிலத்துக்கு அதே பலமுள்ள காரம் 9.6 மில்லி ஆனால், தூள் தின்றது 15.4 மில்லி. மில்லிக்கு 0.05 கிராம் வீதம் கார்பனேட்டு 0.77 கிராம், நூற்றுக்கு 77.

ஒரு துளி சுமார் 0.05 மில்லி. துளி ஒன்று தவறினால் நூற்றுக்குக் கால் பங்கு தவறும். சுண்ணாம்பு குறைந்தால் சிமெண்டில் வலு இராது. மிஞ்சி வேகாமல் நின்றால், கட்டிய பிறகு உப்பி வெடிப்பு விடும். துளி விடாமல் நோட்டில் எழுதுகிறவனை நம்பி வீடு கட்ட முடியுமா?

அன்று வாத்தியார் என்னை அடிக்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன். விடை அடுத்த மேஜைக்காரனுடையதாக இல்லை. ஒவ்வொரு மேஜைக்கும் வெவ்வேறு பலத்தில் அவர் கரைத்து வைத்திருந்தார்.