பிடில் நமதான வரலாறு

"பிடில் வெள்ளையர் கருவியாயிற்றே, தமிழிசை மேடையில் அதற்கு என்ன வேலை?" என்று கேட்பார் எங்கள் செடெனாக்கிலும் உளர். இதற்கு வரலாறே விடை கூறும்.

ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை தழைத்த இசையைப் பரோக் இசை என்பர். அடியில் இடையறாது செல்லும் தாழ்குரல் தொடர், பாடுவோரே இசைக்கும்போது சேர்க்கும் அணிகள் ஆகியவை அதன் இயல்புகள். ஓர் இசைத்தொடரைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பற்றித் தொடர்வது ஃபியூக். தனிக்கருவியும் குழுவும் மாறிமாறி இசைப்பது கொன்செர்த்தோ. விவால்டியும் பாக்கும் இவ்வடிவங்களில் வல்லவர். இத்தாலியின் கிரெமோனா நகரில் ஸ்டிராடிவாரி (இறப்பு 1737) சிறந்த பிடில்களைச் செய்ததும் அக்காலத்திலேயே.

அக்கருவி தமிழ்நாட்டுக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் அதைப் பயின்று நம் இசைக்குப் பொருத்தினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவின் வாசிப்பைப் பாராட்டித் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தப் பிடில் பரிசளித்தார்.

நம்மவர் செய்த மாற்றம் என்ன? ஐரோப்பியர் பிடிலைத் தோளில் தாங்கி வாசித்தனர். நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பை வலக்காலில் ஊன்றினர். நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டினர். வீணைக்குள்ள மெட்டுகள் பிடிலுக்கு இல்லை. ஆதலின் விரல் தந்திமேல் தடையின்றி வழுக்கிச் செல்லக் கமகம் இயல்பாய்ப் பிறந்தது. பரோக் இசையின் பல்குரல் முறையை நாம் ஏற்கவில்லை, கருவியை மட்டுமே ஏற்றோம், இராகத்தை விடவில்லை.

பல மொழிகளுக்கிடையே வளரும் நம் மாணவர்க்கு ஆசிரியர்கள் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். பிறரிடம் கொள்வதில் இழுக்கில்லை. நம் சுருதி நம்மிடம் இருந்தால் போதும்.