மலையகத்தில் வரிச்சலுகை: கோப்பித் தோட்டம் முதல் ஆடைத் தொழிற்சாலை வரை

முதலீட்டை ஓரிடத்துக்கு ஈர்ப்பதற்காக அவ்விடத்துக்கென வரியைத் தளர்த்தும் கொள்கை, 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தோடுதான் இலங்கைக்கு வந்தது எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால் மத்திய மலைநாட்டின் தோட்டப் பொருளாதாரமே அத்தகைய சலுகைகளின் மீது எழுந்ததாகும். எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்த 1820களில் கோப்பியின் ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. கோப்பி பயிரிட்ட நிலங்கள், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்தும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றன. அந்நிலங்களில் வேலை செய்தோர் இராஜகாரியத்திலிருந்து, அதாவது அரசுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பிலிருந்து, விடுவிக்கப்பட்டனர். பார்ன்ஸே கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார் என்பதோடு, கோப்பியைத் துறைமுகம் சேர்த்த கொழும்பு–கண்டி வீதி அதே இராஜகாரிய உழைப்பைக் கொண்டே அமைக்கப்பட்டது என்பதும் சேர்த்து நோக்கத்தக்கது.

எனினும் வரிவிலக்கு மட்டும் மூலதனத்தை மலையேற்றிவிடவில்லை. 1835 இல் பிரித்தானியா, இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இறக்குமதித் தீர்வையைச் சமப்படுத்திச் சந்தையைத் திறந்தது. உரிமை நிறுவப்படாத காட்டு நிலமெல்லாம் முடிக்குரியது எனக் கொள்ளும் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அரசின் கையில் விற்பதற்கு நிலத்தைச் சேர்த்தது. 1844 வரை ஏக்கருக்கு 5 சிலிங் என்ற தொடக்க விலையில் அது விற்கப்பட்டபோது, வாங்கியவர்களுள் ஆளுநர் ஸ்டுவர்ட் மக்கன்சி உட்பட உயர் அதிகாரிகள் பலர் இருந்தனர். உழைப்பாளர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாக வந்தனர். கோப்பி நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்த பின்னர், அரசின் புகையிரதப் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது.

இச்சலுகையின் மறுபக்கத்தைக் காண நுவரெலியா மாவட்டத்தின் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. பெருந்தோட்ட நிலத்துக்கு நிலவரி இல்லாதிருந்த அதே காலத்தில், கிராமத்து விவசாயி தன் வயலுக்குத் தானியவரி செலுத்தவேண்டியிருந்தது. அவ்வரி விளைச்சலுக்கேற்பத் தானியமாக அன்றி, முன்கூட்டியே மதிப்பிட்ட பணத்தொகையாக அறவிடப்பட்டமையால், விளையாத ஆண்டிலும் கடன் தீரவில்லை. வீட்டுத் தோட்டத்துக் கோப்பியை விற்றுப் பணம் கண்ட வலப்பனை மக்கள், 1880களில் கோப்பி நோயால் அவ்வருவாயை இழந்தபோது வரியைக் கட்ட முடியாமற் போயினர். அவர்களது வயல்கள் பறிமுதலாகி ஏலத்தில் விற்கப்பட்டன. பட்டினியும் சாவும் தொடர்ந்தன. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் இந்நிலையை வெளிப்படுத்தியதன் பின் எழுந்த விவாதம் இலண்டன் வரை சென்று, 1892 இல் தானியவரி ஒழிக்கப்படுவதற்கு வழிவகுத்தது. ஒருவருக்கு அளிக்கும் விலக்கின் சுமையை வேறொருவர் தாங்கவேண்டியிருக்கும் என்னும் செய்தி, பொருளியல் நூல்களை விட வலப்பனையில் தெளிவாகத் தெரிகிறது.

சுதந்திரத்தின் பின் நிலை தலைகீழானது. சலுகையால் வளர்ந்த தேயிலை இப்போது ஏற்றுமதித் தீர்வை வழியாக அரசின் செலவுகளுக்குப் பணம் தரும் துறையாயிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தேயிலை ஈட்டிய வருவாயில் இலவசக் கல்வியும் மருத்துவமும் நாடெங்கும் பரவியபோது, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்ட மக்கள் அவற்றின் விளிம்பிலேயே நின்றனர்.

1978 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு, தன் பெயருக்கேற்ப, தலைநகரைச் சூழ்ந்த பகுதிக்கே உரியதாயிருந்தது. பல ஆண்டு வரிவிடுமுறையும் தீர்வையற்ற இறக்குமதியும் பெற்ற வலயங்கள் விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் நாடிக் கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் அமைந்தமையால், மலையகத்து இளம்பெண்கள் வேலை தேடி அங்கு இறங்கினர். முதலீடு அவர்களைத் தேடி மலையேறவில்லை.

1992 இல் அவ்வாணைக்குழு நாடு முழுவதற்கும் அதிகாரமுடைய இலங்கை முதலீட்டுச் சபையாக மாற்றப்பட்டதோடு, ஜனாதிபதி பிரேமதாசவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் தொடங்கியது. உதவி அரசாங்க அதிபர் பிரிவுகள் தோறும் சுமார் 500 பேருக்கு வேலை தரும் ஒரு தொழிற்சாலை என்பது அதன் நோக்கம். ஆனால் முதலாளிகளைக் கிராமத்துக்கு இழுத்தது வரிவிடுமுறையினும் கோட்டாவே, அதாவது பல்நார் உடன்படிக்கையின் கீழ் அமெரிக்காவுக்கு ஏற்றக்கூடிய ஆடைகளின் ஒதுக்கீடே, என்று கொள்ளலாம். தொலைவான, வசதி குறைந்த இடத்துக்குச் சென்றவருக்கு அதில் கூடிய பங்கு கிடைத்தது. இருநூறு என்ற இலக்கு முழுமையாக எட்டப்படவில்லையாயினும் மலைநாட்டு நகரங்களை அண்டியும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கொழுந்துக் கூடையை விட்டுத் தையல் இயந்திரத்துக்குச் செல்லும் வாய்ப்பு லயன் அறைகளில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளில், இருந்த பெண்களுக்கு முதன்முறையாக வீட்டுக்கு அருகில் வந்தது. அதே 1992 இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2004 முடிவில் கோட்டா முறை மறைந்தபோது, தொலைவுக்குச் செல்வதால் கிடைத்த தனி ஆதாயமும் மறைந்தது.

தொழிற்சாலை வந்தாலும் தோட்டத்துப் பாதை சீராகாமைக்கு வேறொரு காரணம் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவின்படி, தோட்ட எல்லைக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட இயலாதிருந்தது. தோட்ட மக்களின் வாக்கால் தெரிவான உறுப்பினரும் அவர்களது லயனுக்குச் செல்லும் பாதைக்குப் பணம் ஒதுக்க முடியாத இந்த விசித்திர நிலை 2018 இல்தான் திருத்தப்பட்டது. முதலீட்டாளரின் வரியைத் தளர்த்த ஓர் அரசாணை போதுமாயிருந்த நாட்டில், தண்ணீர்க் குழாய் பதிக்கும் அதிகாரத்துக்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் வரிவிடுமுறை முறையைக் கைவிட்டு, முதலிட்ட தொகையில் ஒரு வீதத்தை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்க அனுமதிக்கும் மேலதிக மூலதனப் படி என்னும் முறையைக் கொண்டுவந்தது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது, 30 இலட்சம் டொலருக்கு மேற்பட்டு 10 கோடி டொலருக்கு உட்பட்ட முதலீடுகளுக்குப் போரால் சிதைந்த வட மாகாணத்தில் 200 வீதமும், நாட்டின் ஏனைய பகுதிகளில் 100 வீதமும் விதிக்கப்பட்டன. அந்த ஏனைய பகுதிகள் என்னும் சொற்றொடருக்குள் ஹட்டனும் மஸ்கெலியாவும் கொழும்போடு ஒரே நிரையில் அடங்கின.