கற்பிட்டியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

'தமிழ் புளூடாக்' என்ற புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். அவர் சென்று படிக்க அன்று இலங்கையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கவில்லை. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது 1921இல். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல்.

புத்தளம் கரையோரத்துப் பிள்ளைக்கு இன்றும் அது வீட்டருகே இல்லை. வடமேல் மாகாணத்தில் 1999இல் தாபிக்கப்பட்ட வயம்ப பல்கலைக்கழகம் குளியாப்பிட்டியிலும் மாகந்துரையிலும் இயங்குகிறது. இரண்டும் குருநாகல் மாவட்டத்தில். அங்கே கலைப்பீடமும் கிடையாது. தமிழ்மொழி மூலம் கலைப்பாடம் படித்தவர்கள் பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் என்றுதான் பெரும்பாலும் விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். ஒலுவில் என்றால் தீவின் மறுகரை. விருப்ப வரிசையை எழுதுபவர் மாணவர். இடத்தை வழங்குவது மானியங்கள் ஆணைக்குழு. இரண்டையும் நாம் 'தெரிவு' என்ற ஒரே சொல்லால் குறிப்பது வேடிக்கைதான்.

நான் உடப்பைச் சேர்ந்தவன். 1990களின் தொடக்கத்தில் பேராதனைக்குச் சென்றேன். யாழ்ப்பாணத்தை முதலில் எழுதட்டுமா என்று கேட்டபோது அப்பா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த காலம் அது. பேச்சு அத்துடன் முடிந்தது.

அதே காலத்தில்தான் அங்கிருந்து மனிதர்கள் எங்கள் கரைக்கு வந்தார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 70,000 பேரை, வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணித்தியாலம். பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் தங்கினர். ஊரவர் முதலில் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல வேறு பேச்சும் எழுந்தது. பல பீடங்களுக்கு மாவட்ட ஒதுக்கீட்டின்படியும் அனுமதி வழங்கப்படுவதால், எங்கள் பிள்ளைகளின் இடம் போகிறதே என்று முணுமுணுத்தார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதனாலேயே அதைப்பற்றி எழுதத் தயங்கினோம். நானும் எழுதவில்லை.

2013இல் கற்பிட்டியில், இடம்பெயர்ந்தோர் குடியிருப்பில் பிறந்த ஒரு மாணவியைச் சந்தித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை முதல் விருப்பமாக எழுதி, கலைப்பீடத்தில் இடமும் பெற்றிருந்தாள். நீண்ட பயணம். ஆனால், வாப்பா பிறந்த சோனகத் தெரு வீடு அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் போகும் தூரம்.

"வாப்பாவும் கூட வருகிறாரா?" என்று கேட்டேன்.

"புத்தளம் பஸ் நிலையம் மட்டும் வருவாராம்," என்றாள்.